வெண்ணெய்நல்லூர் அவையும் முல்லோயா வழக்கும்

செங்கோன்மையை மாணவர்க்கு உணர்த்தப் புகும் சைவ ஆசிரியர் பெரும்பாலும் மனுநீதிகண்ட சோழர் சரிதத்தையே எடுத்துக்கொள்வர். அது தக்கதே. கன்றை இழந்த பசு மணியை அசைக்க, ஒரே மைந்தன் என்றும் பாராது அரசர் அவனைத் தேர்க்காலிலிட்டார் என்று கேட்கும் சிறுவனுடைய உள்ளம் நடுங்கும். அந்நடுக்கத்தினூடே அரசகுலத்தவனும் நீதிக்குக் கீழ்ப்பட்டவனே என்னும் உண்மை பதியும். ஆயினும் அச்சரிதத்தை மாத்திரம் ஓதி நிறுத்துவது போதாது என்பது எமது கருத்து. யாதினாலெனின், ஆண்டு முறையிட்டது பசு. விசாரித்தவரும், தீர்ப்பளித்தவரும், அத்தீர்ப்பைத் தம் கையால் நிறைவேற்றியவரும் அரசர் ஒருவரே. ஏவப்பட்ட அமைச்சரோ அது செய்யமாட்டாது தம்முயிரை நீத்தார். அனைத்தும் ஒருவருடைய நெஞ்சத்தையே பற்றி நின்றன. அது மனுவின் நெஞ்சமாய் அமைந்தது திருவாரூர் செய்த புண்ணியம். அவ்வாறு அமையாதவிடத்துப் பசு எத்துணைக் காலம் மணியை அசைத்தாலும் பயன் யாது?

ஆகவே, அதனோடு தடுத்தாட்கொண்ட புராணத்தையும் சேர்த்து ஓதுதல் வேண்டும். புத்தூர் மணப்பந்தரிலே நம்பியாரூரரைத் தமக்கு வழியடிமை என்று கூறி வந்த முதிய வேதியர் யார் என்பது நமக்குத் தெரியும். எல்லாம் வல்ல அப்பெருமான் ஆணையொன்றாலே அவரை ஆட்கொண்டிருத்தல் கூடும். அங்ஙனம் செய்திலர். ஓலை கொண்டுவந்தார்; நம்பி அதனைக் கிழித்தெறிய, மூல ஓலை வேறுளது என்று வெண்ணெய்நல்லூர் அவையத்தாரிடம் முறையிட்டார். அவையத்தாரோ அவருடைய முதுமைக்கும் நூலுக்கும் இரங்கி உடனே தீர்ப்பளித்தாரல்லர். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் வழக்கில் இல்லையே என்று முதற்கண் மறுத்தனர். வழிவழி ஆட்சி உண்டா, ஆவணம் உண்டா, அயலார் கண்ட சாட்சி உண்டா என்று வினாவினர். பாட்டனாருடைய கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கிய பின்னரே நம்பி தோற்றார் என்றனர். ஆண்டவனே வழக்காளியாய் வந்தவிடத்தும், வழக்காளி வேறு, தீர்ப்பாளர் வேறு என்னும் எல்லை அழியவில்லை. இஃது இறைவன் திருவிளையாட்டன்றோ என்பாருமுளர். விளையாட்டே, ஆனால் அவர் அதற்குத் தெரிந்தெடுத்த களம் ஊரவை என்பதை மறத்தலாகாது.

இனி மலைநாட்டை நோக்குவாம். நுவரெலியா, ஹட்டன் பக்கங்களிலே நம் ஆசிரியர் பலர் கற்பிக்கும் பிள்ளைகளின் முன்னோர் அறிந்த நீதி வேறு. தோட்டத்திலே துரை வைத்தது சட்டம். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தை மீறுதலே குற்றமாய்ச் சிறைக்குரியதாயிற்று. ஆதலால் கூலி கொடுப்பவரே குற்றஞ்சாட்டுபவருமானார். 'துண்டு' என்னும் கடன்சீட்டு இன்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் பெயர்தல் அரிதாயிருந்தது. அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துரைமார்க்கு மேல் தேசாதிபதி இருந்தார். 1937இலே, மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், தொழிலாளர் பக்கம் சார்ந்து நாவலப்பிட்டியில் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் துரை, 1896ஆம் ஆண்டு அரசாணையொன்றைக் காட்டி, விசாரணை யாதுமின்றி அவரை நாடு கடத்த ஆணையிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நியாயவாதி எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் முதலிய மூவர், அவ்வதிகாரம் யுத்தம் போன்ற அவசர காலத்துக்கே உரியதென்று கண்டு அவரை விடுவித்தனர். தேசாதிபதியின் கை எழுதிய ஆணையை அவர் ஆளுகையிலிருந்த நீதிமன்றமே செல்லாதென்றது. வெண்ணெய்நல்லூர் அவை ஈண்டும் ஒருமுறை கூடிற்று எனலாம்.

மூன்றாண்டு கழிந்து நிகழ்ந்ததோ அத்துணை எளிதிற் தீர்ப்புக் கூறத்தக்கதன்று. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர், நாளொன்றுக்குப் 16 சதம் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், பொலிசார் சுட்டதிலே கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தன் மனைவியார்க்காகக் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று வாதாடினார். இதற்கிடையே, வேலை நிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் தொடுத்த வழக்குகளும் நடந்துகொண்டிருந்தன. விசாரணை முடியுமட்டும் அவ்வழக்குகளுக்குத் தவணை கேட்கும்படி, உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக, பொலிஸ் தலைமையதிகாரி பாங்ஸ் துரைக்கு அறிவுறுத்தினார். அதிகாரி இணங்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட் அதிகாரியின் பக்கம் நின்றார். பெப்ரவரி இறுதியிலே அமைச்சர்கள் பதவி துறந்தனர். பின்னர் ஒருவாறு இணக்கமுண்டாகி மீண்டும் பதவியேற்றனர்.

இதில் யார் பக்கம் நீதி? எம் நெஞ்சம் அமைச்சர் பக்கமே சாய்கின்றது. சுட்டவர் கூட்டமே சுடப்பட்டவர் கூட்டத்தின்மீது வழக்குத் தொடுக்க, சூடு நியாயமா என்னும் விசாரணை முடியுமுன்னர்த் தொழிலாளர் தண்டிக்கப்படுதல் கொடுமையே. ஆனால் அமைச்சர் சொல்லால் ஒரு வழக்கு நிற்குமாயின், மற்றோர் அமைச்சர் சொல்லால் மற்றொரு வழக்குத் தொடங்கவுங் கூடும். இன்று ஏழைக்காக நீண்ட கை நாளை அவன் கழுத்தை நோக்கி நீளாதென்று யார் பிணை நிற்பார்? தவணை நீதியென்றால் அதனை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில், யாவரும் கேட்க, காரணங்காட்டிக் கேட்பதே முறை. இதனால் அதிகாரி செய்தது முழுதும் சரியென்று கொள்ளற்க. அமைச்சர்க்குக் கட்டுப்படேன் என்றவர் சட்டத்தை மாத்திரம் துணைக்கொண்டு நின்றாரல்லர். தேசாதிபதியின் நிழலில் ஒதுங்கினார். அத்தேசாதிபதி பீடமோ மூன்றாண்டுக்கு முன் பிரேஸ்கேர்டிலை விசாரணையின்றி நாடு கடத்த முயன்ற அதே பீடம். எசமானர் மாறினாரேயன்றி வழக்குத் தொடுக்குந் தொழில் சுதந்திரம் அடையவில்லை.

"சட்டமே துரைமார் செய்தது, சட்டத்தின் ஆட்சியாற் கூலிக்காரனுக்கு என்ன வந்தது?" என்று ஓர் ஆசிரியர் கேட்பின் அதற்கு எளிதான விடை எம்மிடம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அது பாராளுமன்றத்தில் முறையாக நிறைவேறியது. ஒரு தனி மனிதர் கோபத்தால் விளைந்ததன்று. எஞ்சிநின்றோர் குறைதீரும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. முறை வழுவாத சட்டமும் கொடியதாகலாம் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் எழுதப்பட்ட அநீதியைச் சுட்டிக்காட்டலாம், எதிர்த்துக் கேட்கலாம், மாற்றவுஞ் செய்யலாம். ஒருவர் மனத்துள் கிடக்கும் அநீதியை எங்ஙனம் சுட்டுவது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பழைய தேசாதிபதியினும் பெரிய அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளித்தது. பதவியிலிருக்குங்கால் அவர்மீது வழக்கிடலாகாதென்றும் காத்தது. 2015இல் வந்த 19ஆம் திருத்தம், அவருடைய உத்தியோகச் செயல்களை அடிப்படையுரிமை வழக்கிலே வினாவும் வாயிலைத் திறந்தது. மன்னிப்பளிக்கும் அதிகாரமோ எப்பொழுதும் அவர் கையில். கொலைக்குற்றத்துக்காக மரணதண்டனை பெற்ற துமிந்த சில்வா என்னும் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர்க்கு 2021இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மன்னிப்பளித்தார். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு எண்மரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரரும் அவராலேயே 2020இல் விடுவிக்கப்பட்டார். தம் மகனையே மன்னியாத சோழரை நாம் ஏன் கொண்டாடுகின்றோம் என்று வகுப்பிலே வினாவுதற்கு இதனிலும் தக்க இடம் வேண்டா.

வழக்குத் தொடுக்கும் அதிகாரம் சட்டமா அதிபரிடத்துளது. அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறுபவரும் அவரே. அரசாங்கத்தாரே குற்றஞ்செய்யின் அவர்மீது வழக்கிடவேண்டியவரும் அவரே. இவ்விரண்டையும் பிரித்து 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப்பதவி ஒன்று ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அது ஒழிந்தது. அத்தகைய தனி அலுவலகத்தை மீளவும் நிறுவும் யோசனை 2025இலே அரசாங்கத்தால் முன்வைக்கப்பட்டது. அதன் அதிபதியை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார் என்பதைக் கொண்டே அதனை எடையிடுதல் வேண்டும். முல்லோயாவிலே நிழல் மாறிய கதை மீளலாகாது.

ஆசிரியர்காள், இவற்றையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்ஙனம் விளக்குவதென்று மலைக்கவேண்டா. பிள்ளை முதன்முதலிற் காணும் நியாயத்தலம் நம் வகுப்பறையே. ஆங்கு, மை கொட்டிய சிறுவனைப் பிடிப்பவரும் நாமே. விசாரிப்பவரும், தண்டிப்பவரும் நாமே. அவனை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் அனுப்பி, குறையை நாம் சொல்ல, மறுமொழியை அவன் சொல்ல, தீர்ப்பை அவர் சொல்லும்படி ஒரு தவணையேனும் நடத்திப் பார்க்கலாம். வெண்ணெய்நல்லூர்ப் பாடத்தை அவ்வாரத்திலேயே வைத்துக்கொள்வது நலம்.