பாறைக்கு முன் பணிவு

பெரியவற்றின் முன் தலை தாழ்வது எளிது. அதனைப் பணிவு என்று கொள்ளலாமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு பழைய பாறைப் படம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஸ்டாஃபா என்றொரு சிறு தீவு உள்ளது. அங்குள்ள ஃபிங்கல் குகையின் இருபுறமும் கரும்பாறைத் தூண்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் பல அறுகோண வடிவின. சிற்பி செதுக்கியனவோ என்று ஐயுறத் தோன்றும். முன்னர் தம் தந்தையின் உடன்பிறந்தாரான தாமஸ் டேனியலுடன் நம் நாட்டிற்கு வந்து கோயில்களை வரைந்த வில்லியம் டேனியலே இத்தீவையும் நேரிற் கண்டு வரைந்தவர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில் அவர் உருவாக்கிய 308 படங்கள், 1814 முதல் 1825 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. ஸ்டாஃபாக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும்.

அவற்றுள் ஒன்றின் படியை நான் வகுப்பில் காட்டினேன். "இயற்கையின் முன் மனிதன் எத்துணைச் சிறியவன்!" என்று உருகிப் பேசினேன். கடலலைகளே இத்தூண்களைச் செதுக்கின என்றும் உறுதியாய்க் கூறினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க ஊரு ஏரி காஞ்சா மண்ணு இப்படித்தான் கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும்" என்றாள். வகுப்பு சிரித்தது. "பாறையும் சேறும் ஒன்றா? உட்கார்" என்றேன். அவ்வாண்டு முழுவதும் அவள் மீண்டும் எழுந்து பேசவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு நூலைப் படித்தபோது உண்மை தெரிந்தது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு, மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடிப்புகள் தோன்றின. அவை உள்நோக்கிப் பரவியதால் பாறை தூண்களாகப் பிளந்தது. நீர் வற்றிய சேறு சுருங்கி வெடிப்பதும் இதனையொத்த நிகழ்ச்சியே. அலைகள் குகையைக் குடைந்தன, தூண்களை ஆக்கவில்லை. அம்மாணவி சொன்னதே சரி.

அப்போது அவள் அதே பள்ளியில் மேல்வகுப்பில் பயின்றாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டு வணங்கினாள். அன்றே சொல்லியிருக்கலாம். ஆசிரியை மாணவியிடம் பிழையை ஒப்புவதா என்று மனம் கூசியது. கடந்து சென்றேன்.

பாறை நம்மை மறுத்துப் பேசுவதில்லை. அதன் முன் குனிவதால் நமக்கு இழப்பேதும் இல்லை. மென்மையான உள்ளத்தினர் என்ற பெயரும் கிட்டும். பெருங்காட்சிகள் பணிவைக் கற்பிக்கும் என்பர். கற்பிக்கலாம், ஆனால் தேர்வு நடப்பது வேறிடத்தில். நம்மினும் இளையவரோ, வறியவரோ, நம்மிடம் பணி செய்பவரோ நம் பிழையைச் சுட்டும் நொடியே அத்தேர்வு. அதில் நான் தோற்றேன்.

இல்லங்களில் பேரக்குழந்தைகள், "அப்படியில்லை பாட்டி" என்று சொல்லத் தொடங்கும்போது, அன்பு கூர்ந்து முழுவதும் கேளுங்கள். அவர்கள் கூற்று சரியென்று பின்னர்த் தெரிந்தால், அன்றே அவர்களை அழைத்துச் சொல்லுங்கள்.