தழும்பு எங்கே?

ஒரு மனிதரைப் பற்றி நினைக்கும்போது அவரை உள்ளபடியே நினைக்கிறோமா, அல்லது நம்முடைய வெளிச்சத்தையோ இருட்டையோ அவர்மேல் பூசி நினைக்கிறோமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படித்து உண்டானதன்று. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத் தத்துவ நூல்களோடு அவ்வளவு பரிச்சயம் கிடையாது. உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் இதை என் தலையில் ஏற்றி அனுப்பினான்.

என் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் ராஜகுளம். அவள் கணவர் காலமாகி ஆறு வருஷமாகிறது. போன தை மாதம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். சந்தடியெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "தம்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற படத்தில் உங்க மாமாவையும் பக்கத்தில் நிறுத்த முடியுமாமே?" என்று கேட்டாள்.

இல்லாதவரை இருந்ததாகக் காட்டுவது பொய்யில்லையா என்று வாய்வரை வந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவன் அதைச் சொல்வது அழகல்லவே என்று அடக்கிக்கொண்டேன். தவிரவும், இந்தப் பொய் பழைய பொய்தான். 1857-லேயே இங்கிலாந்தில் ரைலாண்டர் என்ற போட்டோக்காரர் ஏறக்குறைய முப்பது நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டினார். 'வாழ்க்கையின் இரு வழிகள்' என்பது அதன் பெயர். ஒரு பக்கம் நல்லவர்கள், மறு பக்கம் தீயவர்கள். நம் பக்கத்தில், 1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரண்டு வேஷத்தில் தோன்றினார். அங்கும் ஒருவன் நல்லவன், மற்றவன் கெட்டவன். ஒரே முகத்தில் இரண்டும் இருந்தால் என்ன செய்வது என்பதை அந்தப் படங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஸ்டூடியோவுக்கு அக்காளையும் அழைத்துக்கொண்டு போனேன். பையன் மாமாவின் பழைய படத்தை மெஷினில் ஏற்றினான். போட்டோஷாப் என்ற கம்ப்யூட்டர் வித்தையில் அவன் கை வேகமாக ஓடியது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உண்டாக்கி, 1990-ல் விற்பனைக்கு வந்தது அது. படங்களைத் தனித்தனி அடுக்காக வைத்துக்கொள்ளும் வசதி 1994-ல் வந்து சேர்ந்தது. அந்த அடுக்குக்குப் பெயர் லேயர்.

"கண்ணாடித் தகட்டின்மேல் இன்னொரு தகட்டை வைக்கிற மாதிரி, சார்" என்றான் பையன். "ஆனால் மேலே வைத்தால் மட்டும் போதாது. மேல் படம் கீழ்ப் படத்தோடு எப்படிக் கலக்க வேண்டும் என்றும் சொல்லவேண்டும்."

நான் விளங்காமல் விழிப்பதைக் கண்டு, மாமா படத்தின் பின்புறத்தில் அவர் பேனாவால் எழுதியிருந்த தேதியையும் படமாக்கி, முகத்தின்மேல் வைத்தான். முகம் மறைந்துபோய் வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது. 'மல்ட்டிப்ளை' என்ற ஒன்றைத் தொட்டான். காகிதத்தின் வெள்ளை மாயமாய் மறைந்தது. முகத்தின்மேல் மை எழுத்து மட்டும் நின்றது. பிறகு, கறுப்புப் பின்னணியில் எடுத்த குத்துவிளக்குப் படம் ஒன்றை வைத்து 'ஸ்கிரீன்' என்பதைத் தொட்டான். இப்போது கறுப்பு முழுவதும் கரைந்து, சுடர் மட்டும் முகத்தின் அருகே எரிந்தது.

மாயமல்ல, கணக்குத்தான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. அந்த 255-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். மல்ட்டிப்ளை என்றால் இரண்டு எண்களையும் பெருக்குவது. எதையும் ஒன்றால் பெருக்கினால் மாறாது. அதனால் வெள்ளை காணாமல் போகிறது. அரையை அரையால் பெருக்கினால் கால்; இருட்டு கூடுகிறது. ஸ்கிரீன் அதற்கு நேர் எதிர். ஒன்றில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறைகளைப் பெருக்கி, மறுபடி ஒன்றிலிருந்து கழிப்பது. அரையும் அரையும் கலந்தால் முக்கால், வெளிச்சம் கூடுகிறது. முதல் முறையில் எந்தப் புள்ளியும் முன்னைவிட வெளுக்க வழியில்லை. இரண்டாவதில் எந்தப் புள்ளியும் முன்னைவிடக் கறுக்க வழியில்லை.

இதைக் கேட்டபோது எனக்குச் சுரீரென்றது. மாமாவோடு கடைசி வரையில் நான் முகங்கொடுத்துப் பேசியவனல்ல. அக்காளின் நகைகளை அடகு வைத்துச் சீட்டாடினவர் அவர். அவர் நெற்றியில் இடது புருவத்தின்மேல் ஒரு தழும்பு உண்டு. குடித்துவிட்டுச் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த தழும்பு என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! என் மனத்தில் அவரை வைத்தது மல்ட்டிப்ளையில்தான். அவரிடம் வெள்ளை எவ்வளவு இருந்தாலும் என் கணக்கில் அது விழவே இல்லை.

பையன் இதற்குள் வேலையைத் தொடர்ந்திருந்தான். பழைய படம் இருண்டு கிடந்தது. அதையே நகலெடுத்து அதன்மேல் வைத்து, ஸ்கிரீன் போட்டான். முகம் தெளிந்தது. இன்னொரு நகல், மேலும் ஒன்று. கல்யாண மண்டபத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி மாமா பளிச்சென்று பெண்ணருகே நின்றார். இறந்தவர்களுக்கு ஊரார் செய்கிற மரியாதையும் இதுதானே! காரியம் முடிவதற்குள் எல்லாரும் உத்தமர்களாகிவிடுகிறார்கள்.

அக்காள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தழும்பு எங்கே?" என்றாள்.

"வெளிச்சத்தில் போய்விட்டது, அம்மா. நன்றாகத்தானே இருக்கிறது?"

"அது வேண்டும், அப்பா. அது இல்லாவிட்டால் அவர் இல்லை."

"அந்தத் தழும்பு எதற்கு, அக்கா?" என்றேன் நான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பாவுக்கு இரண்டு வயசில் ஜுரம் கண்டு ஜன்னி வந்ததே, அன்று ராத்திரி டாக்டரைக் கூட்டி வரப் போனபோது விழுந்தது. ரத்தத்தோடு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்."

"குடித்திருந்தார் என்று..."

"குடித்துத்தான் இருந்தார். அப்படியும் போனாரே."

இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நான் கேட்கும் நிலையில் இருந்ததில்லை என்பதுதான் உண்மை.

குடித்திருந்தார் என்பது ஒரு லேயர். போனார் என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கி இருட்டாக்கினாலும் பொய், வெளிச்சமாக்கினாலும் பொய். ஒட்டிய படம் பொய்யா என்று நான் கேட்டது தவறான கேள்வி. தந்தை பெண்ணருகே நிற்பதைப் பார்த்து யாரும் ஏமாறப் போவதில்லை. அவர் இறந்தது ஊருக்கே தெரியும். ஆனால் தழும்பில்லாத மாமாவைப் பார்த்து நாளைக்குப் பேரக்குழந்தைகள் ஏமாறுவார்கள். என் வாய்க்கால் கதையைக் கேட்டு எத்தனையோ பேர் ஏற்கெனவே ஏமாந்தாயிற்று.

பையன் முகம் சுளிக்காமல் தழும்பு இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைத்தான். "அடுக்குகளை ஒட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், சார். எப்போது வேண்டுமானாலும் பழசைப் பார்க்கலாம்" என்றான். அந்த ஊருக்கு அது புதிய புத்தியல்ல. பராந்தக சோழன் காலத்தில் 919-ல் குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்து மண்டபச் சுவரில் பொறித்தார்கள். குறை கண்டு 921-ல் திருத்தி எழுதினார்கள். பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. திருத்தமும் திருத்தப்பட்டதும் இன்றைக்கும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றன.

படம் இப்போது ராஜகுளத்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மறுவீட்டு விருந்துக்கு வந்த மருமகப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மாமனாருக்கு நெற்றியில் என்ன காயம்?" என்று என்னைத்தான் கேட்டார். அக்காள் அடுக்களை வாசலில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை இரண்டையும் சொன்னேன்.