நன்றியும் ரசீதும்

திட்டம் கவிழ்ந்துபோனவனிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்வதை நாம் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு கணக்குத் தீர்வு, அவ்வளவுதான். உன் திட்டம் போனால் போகட்டும், அவனுடைய திட்டம் பெரியது, நஷ்டத்துக்கு ஈடு பின்னால் வரும், ஆகவே இப்போதே நன்றி சொல்லி விவகாரத்தை முடித்துக்கொள் என்பது அதன் உள்ளர்த்தம். சரக்கு வருமுன் எழுதிக் கொடுக்கும் இந்த ரசீதுக்கு நன்றி என்று பெயர் வைக்கலாமா? பக்தி என்றாலே இந்த மனோபாவம்தான் என்று பக்தர்களும், பக்தியைக் கேலி செய்கிறவர்களும் சேர்ந்தே தீர்மானித்துவிட்டார்கள். இரு சாராரும் சுந்தரரைப் படித்ததில்லை என்றுதான் தோன்றுகிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க வேண்டுமானால், பிரிந்து போவதில்லை என்று சுந்தரர் சத்தியம் செய்து தர வேண்டும். திருவாரூரில் பரவையார் இருக்கிறார். சத்தியம் நிலைக்காது என்பது சுந்தரருக்கே தெரியும். தோழனான சிவனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார். சத்தியம் செய்கிற சமயத்தில் அவன் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும். ஆளில்லாத இடத்தில் செய்த சத்தியம் யாரைக் கட்டும்? சிவன் சம்மதிக்கிறான். சம்மதித்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறான். 12-ஆம் நூற்றாண்டில் இதை எழுதிய சேக்கிழார் சிரிப்பை வெளியே காட்டிக்கொள்வதில்லை. யோசித்துப் பார்த்தால் ஹாஸ்யம் மட்டுமல்ல, கொஞ்சம் பயமும் வருகிற இடம். யாரை நம்பித் திட்டத்தைச் சொன்னாரோ அவனே கவிழ்க்கிறான். அதுவும் நியாயத்தின் பக்கம், அந்தப் பெண்ணின் பக்கம் நின்றுகொண்டு.

வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, புறப்பட்டார். ஒற்றியூர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்களும் போயின.

இதன்பின் அவர் நடந்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருவெண்பாக்கத்தில், பிழை செய்தால் பொறுப்பாய் என்று நம்பித்தானே செய்தேன் என்கிறார். பிழையை மறைக்கவில்லை, பிழை செய்தவனுக்குக் கேட்க உரிமை இல்லை என்று ஒதுங்கவும் இல்லை. கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டால், இருப்பதாகவும் அவர் போகலாம் என்றும் பதில் வருகிறது. கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கோபத்தில் அதை வீசியெறிந்தார், நந்தியின் கொம்பு முறிந்தது என்பது தலக்கதை. (அந்தப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் முழுகிவிட்டது. தேக்கம் 1944-இல் முடிந்தது. 'இருக்கிறேன்' என்று சொன்னவனும் இடம் பெயர வேண்டியதாயிற்று.)

காஞ்சியில் இடக்கண் வந்தது. 7-ஆம் திருமுறையின் 61-ஆம் பதிகம் அப்போது பாடியது. இறைவனைக் காணக் கண் கிடைத்ததே என்ற வியப்பு பாட்டுக்குப் பாட்டு திரும்பி வருகிறது. பாதிதான் வந்தது என்ற முணுமுணுப்பு ஓரிடத்திலும் இல்லை. முழு நன்றி. ஆனால் அதே ஒரு கண்ணோடு ஆரூர் போய்ச் சேர்ந்து பாடிய 95-ஆம் பதிகத்தில், மற்றக் கண்ணைக் கேட்டு வாழ்த்துப் போல ஒலிக்கிற வசையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். காஞ்சியில் சொன்ன நன்றி பொய்யா? இல்லை. ஆரூரில் திட்டியது நன்றிகெட்டதனமா? அதுவும் இல்லை. வந்த கண்ணுக்கு நன்றியில் குறை வைக்கவில்லை, வராத கண்ணுக்கு வழக்கிலும் குறை வைக்கவில்லை. நன்றி சொன்னதால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வழக்கை வாபஸ் வாங்குவதைத்தான். அவரோ வழக்கைத் தொடுத்த வாசலை மாற்றாமல் இருந்தார்.

வலக்கண்ணும் வந்தது என்பது சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. பதிகத்துக்குள் அது இன்னும் வரவில்லை.

கண் வந்த பிறகும் பரவையாரின் கோபம் தீரவில்லை. அதைத் தீர்த்துவைக்கத் தூது போகும்படி நள்ளிரவில் சுந்தரர் கேட்டது சிவனைத்தான். மகிழடியில் தன்னை மாட்டிவிட்ட அதே ஆளை. முதல் தடவை போய்க் காரியம் ஆகாமல் அவன் திரும்பி வந்தான். மறுபடியும் போகச் சொன்னார்.