இடரை அளக்கும் கோல்

ஒரு மாவட்டத்தில் எத்தகைய இயற்கைப் பேரிடர் நேரக்கூடும், அதனால் எவ்வளவு இழப்பு உண்டாகும் என்று முன்கூட்டியே கணிப்பது இன்று ஆட்சித்துறைப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. இடர் நிகழும் வாய்ப்பையும் அதனால் வரும் இழப்பையும் பெருக்கிக் காண்பதே இக்கணிப்பின் அடிப்படை. மேலோட்டமாக நோக்கின் இது வெறும் கணக்கு. ஆயின், யாருடைய இழப்பைப் பெரிதெனக் கொள்வது, கண்டறிந்ததை யாருக்கு உரைப்பது என்னும் வினாக்கள் கணக்கியலுக்கு உரியவை அல்ல, அறத்துக்கு உரியவை.

2021 டிசம்பரில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடிகளில் உதவியை எதிர்நோக்கிக் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டின் வெள்ளச் சேதம் ஏறத்தாழ 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்பு வீடுகளின் பங்கு 160 கோடி என்றும் நாட்டின் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. இத்தொகைகள் தேவையானவையே. ஆயினும் பணத்தை மட்டும் கோலாகக் கொண்டால், செல்வர் ஒருவர் இழந்த மகிழுந்து, தொழிலாளி இழந்த மோட்டார் சைக்கிளையும் அரிசி மூட்டையையும் அவர்தம் பிள்ளைகளின் பாடநூல்களையும்விட எடை மிக்கதாகிவிடும். முன்னவர் சேமிப்பைக் கொண்டு விரைவில் மீள்வார். பின்னவருக்கோ வேலைக்குச் செல்லும் வழியே அடைபட்டுப் போகும்.

அரசின் கருவூலம் எல்லையற்றதன்று. மிகுந்த இழப்பைத் தடுக்கும் இடத்தில்தானே முதலில் அணை கட்ட வேண்டும் என்பார் உளர். அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியது. அந்நகரின் மையத்தைக் காக்க 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கம் 2007இல் திறக்கப்பட்டது. பல்லாயிரவர் பிழைக்கும் தலைநகரைக் காப்பது தவறாகாது. ஆனால் கட்டடங்களின் விலையே காவலின் அளவைத் தீர்மானிக்குமெனில், மலிவான நிலத்தில் வாழ்வோர் என்றும் வரிசையின் கடைசியிலேயே நிற்பர். ஆகவே, எவ்வளவு பணம் அழியும் என்பதுடன், அழிந்தபின் எத்தனை குடும்பங்களால் எழுந்து நிற்க இயலாது என்பதையும் கணிப்பில் சேர்ப்பதே நீதி.

அடுத்தது உரைக்கும் கடமை. 2021இல் பெய்தது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று அதிகாரிகள் கூறினர். இத்தொடரைக் கேட்கும் எளிய மனிதர், இனித் தம் வாழ்நாளில் அது வாராது என்றே கருதுவார். அதன் உண்மைப் பொருளோ வேறு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அது. முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்குபவர், கடன் தீருமுன் அத்தகைய மழையைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. அதாவது நான்கில் ஒன்று. இதை அறிந்திருந்தால் அவர் அவ்வீட்டை வாங்குவாரா?

தாழ்நிலத்தில் குடியேறியது அவர்தம் தேர்வுதானே என்று சொல்வது எளிது. அறியாதவர் செய்வது தேர்வாகாது. அறிந்தும் வேறு இடத்துக்கு வாடகை தர வகையற்றவர் செய்வதும் முழுமையான தேர்வன்று. இடரை அறிந்தும் அந்நிலத்தில் வீடமைக்க ஒப்புதல் தருவோரும், அதை மறைத்து விற்போரும் அந்த இழப்பில் பங்குடையவரே. மழை இயற்கையின் செயலாக இருக்கலாம். மௌனம் மனிதரின் செயல்.

வருமுன் காவாமையை வள்ளுவர் கல்லாமை என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசவில்லை. குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். அது வெறும் அறியாமையாயின் மன்னிக்கலாம். அறிந்த பின்னும் அசையாதிருத்தல் குற்றமே. ஒரு மாவட்டத்தின் இடர்க்கணிப்பு அலுவலகப் பேழையில் உறங்குமாயின் அதனால் ஒருவர்க்கும் பயனில்லை. ஆற்றங்கரை வீட்டார் தம் மொழியில் படித்தறியுமாறு அது அவர்தம் வாயிலுக்கு வந்து சேர வேண்டும். அதுவும் அடுத்த மழைக்கு முன்பே வர வேண்டும்.