சொல்லை மாற்றும் கை

டோல்கேட்டில் இன்று சுங்கம் கேட்பார் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. 2021-ல் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்த பிறகும் ஜனங்கள் வாயில் அது டோல்கேட்தான். அதை இனிச் 'சுங்கச்சாவடி' என்றே எழுதுவோம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கெங்கே மாற்றி எழுதுவது என்பதில்தான் சங்கடம்.

இந்தப் பக்கத்துக் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் பிள்ளையாண்டான் ஒருவன் எனக்கு ஒரு வித்தை காட்டினான். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிதான் தட்டினான். 'கிரெப்' என்ற கட்டளை, ஆயிரம் கோப்புகளில் ஒரு சொல் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்கிறது. 'செட்' என்ற கட்டளை அதை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைக்கிறது. இரண்டும் 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தவை. குமாஸ்தாக்கள் பலர் நாள்கணக்கில் செய்யும் வேலை கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. "எப்படி சார்?" என்றான் பெருமையோடு. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான்.

ஆனால் அந்தக் கட்டளைக்கு எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. நம் டோல்கேட்டை மாற்றப் போனால் திருச்சியின் நம்பர் ஒன் டோல்கேட்டையும் சேர்த்து மாற்றிவிடும். 1996-ல் மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை ஆயிற்றே என்று எல்லா மெட்ராஸையும் திருத்தினால், கண்வலிகூடச் 'சென்னை ஐ' ஆகிவிடும்! இவை சிரித்துவிட்டுச் சரிசெய்யக்கூடிய பிழைகள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பழைய கோப்பின் பிரதி ஒன்றை 'செட்' தனியே எடுத்து வைக்குமாம்.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. 1970-களின் இறுதியில் தமிழ்நாட்டுத் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு உத்தரவிட்டது. நியாயமான காரியம். தெருப்பலகை இன்று நடப்பவனிடம் பேசுகிறது. அது அவனை இழிவுபடுத்தக் கூடாது. ஆனால் அதே சொல்லைப் பழைய பத்திரத்திலும் பழைய கடிதத்திலும் அழித்துவிட்டால்? எழுதியவன் எழுதாததை எழுதியதாக ஆகிறது. அவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அதைவிட மோசம், ஒருவன் இழிவுபடுத்தப்பட்டான் என்பதற்கு இருந்த சாட்சியும் போய்விடுகிறது. அதனால் லாபம் யாருக்கு? இழிவு செய்தவனுக்குத்தான்.

கையால் திருத்திய குமாஸ்தா ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். சில வரிகளில் அவன் பேனா தயங்கியிருக்கும். மனச்சாட்சி வேலை செய்ய அந்தத் தயக்கம் போதும். கட்டளைக்குத் தயக்கம் கிடையாது. ஆகவே அதை ஏவுகிறவனிடம் அது இருக்க வேண்டும். இன்றைய விலாசத்தை மாற்றுவோம். நேற்றையவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே விட்டுவைப்போம். புதுப் பெயரைப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதினால் போதாதா?