தரிசு என்ற சொல்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழில் இந்த மண்ணில் வேர் பிடித்ததற்கு இங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். பயிருக்குப் பகையான சூரியன் தொழிலுக்கு உறவானான்.

இப்போது அதே சூரியனுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதி அருகே 2016-இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. விருதுநகர்க் கரிசலிலும் பலகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. நிலக்கரியை எரிப்பதைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பூமி சூடேறினால் முதல் அடி மானாவாரிக்காரன் தலையில்தான் விழும்.

ஆனால் நல்ல காரியம் என்பதற்காகக் கணக்குக் கேட்கக் கூடாதா?

'தரிசு நிலம்தானே!' என்கிறார்கள். தரிசு என்பது கணக்குப்பிள்ளையின் சொல். தீர்வைக்கு உதவாததை அவர் அப்படி எழுதி வைத்தார். கீதாரிக்கு அது ஆடு மேயும் இடம்; கவுதாரிக்கும் காடைக்கும் முட்டையிடும் இடம்; மழை பெய்தால் ஓடை வழியே கண்மாய்க்குத் தண்ணீர் அனுப்பும் இடம். சீமைக் கருவேலம் மண்டிக் கெட்டுப்போன நிலமும் உண்டு. அங்கே பலகை நட்டால் பெரிய நஷ்டமில்லை என்றுகூடச் சொல்வேன். எது எந்த நிலம் என்று பார்த்தது யார்? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், சூரிய ஒளி மின் நிலையத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. புகை இல்லை, ஆகவே விசாரணையும் இல்லை!

விசாரித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு மகாராஷ்டிரத்துச் சால்கேவாடி பீடபூமி சாட்சி. காற்றாலை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. காற்றாலைகளின் நடுவே வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிட்டன. ஓணான்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்போம். பெருகத்தான் செய்தன, மனிதன் கிட்டே வந்தாலும் சட்டென்று ஓடவில்லை. ஆனால் இரைக்குப் போட்டி மிகுந்து உடல் நலிந்தன. ஆண் ஓணானின் தொண்டை விசிறியில் நிறம் மங்கிற்று. செத்து விழுந்த பருந்தை எவரும் எண்ணிவிடலாம். ஓணானின் நிறம் மங்கியதைக் காண, பொறுமையாக ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கே காற்றாலை, இங்கே பலகை. விளைவு ஒன்றுபோல் இராது. அதனால்தான் இங்கே தனியாகப் பார்க்கவேண்டும் என்கிறேன். பிழைப்புக் கிடைக்கிறது என்ற நன்மையைச் சொல்லியே தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் விரல்களை வெகுகாலம் கணக்கில் சேர்க்காமல் விட்ட பூமி இது. அந்தப் பிள்ளைகளுக்காகப் பிறகாவது கேட்க ஆள் வந்தது.

வேலி அடைக்கும் முன் ஒரு கோடையும் ஓர் ஐப்பசியும் யாராவது அந்த நிலத்தில் நடந்து பார்க்கட்டும். கீதாரியையும் உடன் அழைத்துக்கொள்ளட்டும். ஓடை எந்தப் பக்கம் திரும்பும், கவுதாரி எந்தப் புதரில் அடையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.