விட்ட மீன்

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிறவன் கருணையாளன்தானா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

பல வருஷங்களுக்கு முன், அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடைக்கரைக் குடிலில் நண்பர் ஒருவரோடு இரண்டு இரவு தங்கினேன். வழிகாட்டி கிடையாது; காவலும் கிடையாது. அந்த ஓடைகள் குந்தா ஆறாகி, பவானியில் சேர்ந்து, பில்லூர்த் தண்ணீராகக் கோவைக் குழாய்களுக்கு வருபவை. அவற்றிலுள்ள டிரவுட் அந்த மண்ணின் மீனல்ல. 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் ஜெயித்தார். யாருடைய பசிக்காகவும் அல்ல, துரைகளின் பொழுதுபோக்குக்காக. பிடிபடுவதற்கென்றே குடியேற்றப்பட்ட ஜீவன்.

நண்பரின் தூண்டிலில் இரை இல்லை. முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. மண்புழு கோர்க்கிறவன் ஒரு வாய் உணவையாவது காட்டுகிறான். இங்கே ஏமாற்று முழுமையானது. அது அழகாகவும் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மாலையில் ஒரு மீன் சிக்கியது. உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நீருக்கு வெளியே அந்த நேரம் முழுவதும் அதற்கு மூச்சுத் திணறல். பிறகு விட்டார். "பொழச்சுப் போகட்டுங்க" என்றார். முகத்தில் ஒரு நிறைவு.

மறுநாள் விடியலில் தண்ணீர் எடுக்கக் கீழே போனேன். பாறையிடுக்கில் வெள்ளை வயிறு தெரிய ஒரு மீன் ஒதுங்கிக் கிடந்தது. அதேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. அவரிடம் நான் சொல்லவில்லை.

பவானிசாகரில் பரிசலேறி வலை வீசுகிறவர் மீனைக் கொல்கிறார், விற்கிறார். கருணை என்ற சொல்லைத் தொடுவதில்லை. நண்பருக்கோ வேட்டையின் சுகமும் வேண்டும், இரக்கத்தின் சுகமும் வேண்டும்.

இதோடு முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் மேட்டூருக்கு மேலே, கர்நாடகக் காவிரியின் காலிபோரே முகாமில், இப்படிப் பிடித்து விட்டவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்குகள் ஒரு உண்மையைக் காட்டின: காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அருகிக்கொண்டிருந்தது. 2018இல் அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. பவானிசாகருக்கு வந்துசேரும் மோயாற்றில் இன்னும் சில எஞ்சியுள்ளன. அதே காவிரியில் பெருகியது, நதிக்கு நல்லது செய்வதாக எண்ணிப் பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட வேறொரு மஹ்சீர். அந்த விடுதலும் கருணையின் பெயரில்தான் நடந்தது. அதன் விளைவைத் தெரியவைத்தது, யாரோ சலிக்காமல் எழுதிய நோட்டு.

விட்டதோடு நம் பொறுப்பு தீர்வதில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது. என்ன ஆனது என்று கரையோரம் நடந்து பார்க்க வேண்டும்; பார்த்ததைச் சொல்லவும் வேண்டும். வழிகாட்டியில்லாத ஆற்றில் இதை வேறு யாரும் நமக்காகச் செய்யமாட்டார்கள்.

அன்று பார்த்தவன் நான் ஒருவன்தான். நண்பர் இன்றும் அந்த மீனை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதிலுள்ள பொய் அவருடையதல்ல, என்னுடையது.